நஞ்சையில் நட்ட கற்கள்

எங்கள் வயலுக்கு வடக்கே முதல் லாரி செம்மண் கொட்டிய அன்று நான் டவுன் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் வேலையாக இருந்தேன். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணின் செல்போனிலிருந்து கூப்பிட்டாள். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று அதைக் கேட்கவில்லை.

"வடக்கு வயல்ல மண்ணடிக்கிறாங்க."

"யாராவது வீடு கட்டுறாங்களாம்மா?"

"ஒரு வீட்டுக்கு எதுக்கு இத்தன லாரி? ரோட்டுலேருந்து நம்ம வரப்பு வரைக்கும் தூக்குறாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சீர்காழியில் பஸ் மாறி, தரங்கம்பாடிக்குப் போகிற சாலையில் மதகுப் பாலத்தடியில் இறங்க வேண்டும். அறுவடை முடிந்து உளுந்தும் எடுத்தாகிவிட்ட சித்திரை வெயிலில் வயல்கள் வெடித்துக் கிடந்தன. அந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே, ஆள் இடுப்பு உயரத்துக்குச் செக்கச்செவேல் என்று ஒரு மேடு எழும்பியிருந்தது. சாலையோரம் சிமெண்ட் வளைவு ஒன்று பாதி கட்டி நின்றது. அதன் உச்சியில், மனை போடுகிறவரின் மகள் பேரில் ஒரு 'நகர்' எழுதப்பட்டிருந்தது. மேட்டின் மேல் வரிசை வரிசையாக மஞ்சள் தலை வைத்த கற்களை நட்டு, கயிற்றில் கலர்க் கொடிகள் கட்டியிருந்தார்கள். காற்றில் அவை படபடத்தது ஏதோ திருவிழா மாதிரி இருந்தது.

அம்மா எங்கள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் திரும்பவில்லை.

"எல்லாரும் வித்துட்டாங்க. நாமளும் நமக்குத் தெக்க வயல் வச்சிருக்கற பாயும்தான் பாக்கி," என்றாள்.

எங்களுக்கு இருந்தது ஐந்து மா. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அது எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அப்பாவும் அம்மாவும் அந்த வெளி முழுவதையும் வைத்திருந்த மிராசுதாரிடம் வேலை செய்தவர்கள். அப்பா பண்ணையாள், அம்மா நடவாள். நான் பிறப்பதற்கு முன்னால், களத்தில் அளக்கிற கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டதற்காக ஊரில் பெரிய சண்டை நடந்தது. செங்கொடி கட்டினார்கள், போலீஸ் வந்தது, அப்பாவைத் திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். அவரோடு அதே தெருவிலிருந்து போன இன்னொருவரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். அங்கே போலீஸ் அடித்த அடியில் மாமாவின் இடது கை விரல்கள் இரண்டு மடங்காமலே போய்விட்டன. அப்பா இறக்கும்வரை இருவரும் ஒன்றாகத்தான் டீக்கடைக்குப் போவார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் குடிசை நின்ற மண்கூட எங்களுடையதல்ல. மிராசுதார் சொன்னால் சட்டி பானையோடு கிளம்ப வேண்டியதுதான். பிறகு, குடியிருக்கிற இடம் குடியிருக்கிறவருக்கே என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோதுதான் அந்த அடிமண் எங்கள் பேருக்கு வந்தது. அப்பா அன்றைக்குக் குடிசையைச் சுற்றி மூன்று முறை நடந்தாராம். அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மிராசுதாரின் பிள்ளைகள் படித்து மெட்ராஸுக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். நிலம் துண்டு துண்டாக விலைக்கு வந்தது. அம்மாவின் தோடும் அப்பா வளர்த்த மாடுகளும் போய், பல வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஐந்து மா வந்தது. நான் நர்ஸ் படித்ததும் தம்பி என்ஜினீயரிங் படித்ததும் அந்த மண்ணில் விளைந்துதான். ஆனால் அம்மா அதை ஒருநாளும் தாய் என்றோ தெய்வம் என்றோ சொன்னதில்லை. வயல் என்பாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. கொடி பிடித்த கட்சியிலிருந்து எப்போதோ விலகி, ஆளும் கட்சியில் சேர்ந்து, ஒருமுறை ஊராட்சி உறுப்பினராகவும் இருந்து முடித்திருந்தார். மனை போடுகிறவருக்கு ஊரில் அவர்தான் ஆள் என்பதை அவர் வாயால் கேட்கும்வரை நான் நம்பவில்லை.

"தங்கச்சி, நடுவுல ஒன் வயலு ஒண்ணுதான் முட்டுது. நீ குடுத்துட்டா பாயும் குடுத்துருவாரு," என்றார்.

அம்மா டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "குடுக்கறதா இல்லண்ணே."

"யோசிச்சுப் பேசு. தண்ணி எப்ப வரும்னு தெரியாது. வந்தா முழுக்கடிக்கும். நடவுக்கு ஆளு கிடையாது. ஒம் மவன் வந்து சேத்துல எறங்கப் போறானா?"

"அவன் எறங்க வேணாம்."

"அப்பறம் யாருக்கு இது? சேறும் சகதியும் போதும்னுதானே நாம அன்னிக்கு அடி வாங்குனோம்? நம்ம புள்ளைங்க கால்ல சேறு படாம போகட்டும்னுதானே?"

எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அவர் பொய்யாகப் பேசவில்லை. தரகுக்காக மட்டும் பேசுகிறவரின் குரல் அப்படி இருக்காது.

"அண்ணே, அந்த வயல்ல நான் கூலிக்கு நட்டிருக்கேன். குனிஞ்ச தலைய நிமித்துனா கரையில நின்னு ஒருத்தன் பேசுவான் பாருங்க, அந்தப் பேச்செல்லாம் இன்னும் காதுல இருக்கு. இப்ப அதே கரையில நான் நிக்கிறேன். எறங்கச் சொல்லாதீங்க."

மாமா டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

தம்பி சென்னையிலிருந்து போனில் என்னிடம் கோபப்பட்டான். "அக்கா, நீயாவது அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு. சுத்தி வீடு வந்துட்டா நடுவுல என்ன வெளையும்? அப்புறம் அதை யாரும் சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டாங்க." அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டுக்கொண்டு நான் நடுவில் நின்றேன். விற்கத்தான் வேண்டும் என்று என் மனசும் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் வாய்க்கால் விஷயம் தெரியவந்தது.

ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற பாசன வாய்க்கால், மண்ணடித்த அந்த வடக்கு வயல்களின் ஓரமாகத்தான் எங்களுக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வடிவதும் அதே வாய்க்கால் வழியாகத்தான். அதை அவர்கள் மூடி, மேலே ரோடு போட்டு, கீழே ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்திருந்தார்கள். வாய்க்காலில் குறுக்கே ஒரு ஆள் படுத்துக் கிடக்கலாம். குழாயில் நாய்க்குட்டிகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும்.

அந்த வருஷம் மேட்டூரைத் தாமதமாகத் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆறு ஓடியது, வாய்க்காலின் தலைப்பும் ஓடியது. குழாய் வரைக்கும் வந்த தண்ணீர் அங்கே குப்பையில் முட்டி நின்றது. அம்மா விட்டிருந்த நாற்றங்கால் நுனி கருகத் தொடங்கியது. பாய்தான் தன் டீசல் என்ஜினைக் கொண்டுவந்து, தன் போர்வெல்லிலிருந்து இறைத்து எங்கள் நாற்றையும் காப்பாற்றினார்.

பாய் தரங்கம்பாடிக்காரர். அங்கே அவருடைய அண்ணன் தம்பிகளுக்குத் துணிக்கடை. இவர் வளைகுடா நாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, கடையில் பங்கு கேட்காமல் எங்கள் ஊரில் நிலம் வாங்கினார். அண்ணன் தம்பிகள் பைத்தியம் என்றார்களாம். ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து அம்மாவிடம் அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

"அங்க ஒரு பிடி அரிசிகூட வெளையாதுக்கா. எல்லாம் கப்பல்ல வரணும். ஒரு தடவ ஏதோ சண்டை சச்சரவுல கப்பல் வரல. பெரிய பெரிய கடையில அலமாரி அலமாரியா காலி. கார் வச்சிருக்கறவனும் நிக்கிறான், ரோடு கூட்டறவனும் நிக்கிறான், ஒரே வரிசை. அன்னிக்கு முடிவு பண்ணேன், ஊருக்குப் போனா மொதல்ல வயல் வாங்கணும்னு."

"அதான் விக்க மாட்டேங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"விக்கலாம். வித்தா திரும்ப வயலாக்க முடியுமா நர்ஸம்மா? நீங்க சொல்லுங்க."

அவரும் அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனோம். வாசலில் போலீஸ்காரர்கள் எல்லோருடைய பையையும் திறந்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அம்மாவின் பையில் தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சைச் சாதமும் இருந்தன. பாட்டிலை முகர்ந்து பார்த்தார்கள். "குடிக்கிற தண்ணிய்யா," என்றாள் அம்மா. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பாதிப்பேர் நிலத்துக்காகத்தான் வந்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பட்டாவில் பேர் மாறிவிட்டது, குளத்தை வளைத்துவிட்டார்கள். மனுவை வாங்கியவர்கள் மரியாதையாகவே வாங்கினார்கள். தாசில்தாருக்கு அனுப்பினார்கள். தாசில்தார் சர்வேயரை அனுப்பினார். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து, வாய்க்கால் புறம்போக்குதான், மூடியது தப்புதான் என்று எங்களிடம் வாயால் சொன்னார். தாளில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று வந்தது. நடவடிக்கை வரவில்லை.

மனை திறப்பு விழாவுக்கு ஆளும் கட்சி ஒன்றியச் செயலாளரும் எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளரும் ஒரே பேனரில் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கிராம சபை நடந்தது. அதில் தீர்மானம் போட்டால் வலு இருக்கும் என்று பாய் விசாரித்து வந்திருந்தார். நான் விடுமுறை போட்டுவிட்டுப் போனேன். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும், மாணவர்கள் உட்காருகிற பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்தது. நான் எழுந்து வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். நஞ்சையை மனையாக்கினால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

மாமா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நர்ஸம்மா டவுன்ல மாடி வீட்டுல இருக்கு. அந்த வீடு எதுல நிக்குது? அதுவும் ஒரு காலத்துல வயலுதானே? இல்ல, வானத்துல நிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார். "நம்ம தெருவுக்கு மனை குடுத்து முப்பது நாப்பது வருஷம் ஆச்சு. அன்னிக்கு ஒரு குடும்பம் இருந்த எடத்துல இன்னிக்கு மூணு குடும்பம். மனை போடறவரு நம்ம தெருவுக்குன்னு ஒரு வரிசை ஒதுக்கறேன்னு சொல்லியிருக்காரு. அது வேணாம்னு சொல்றவங்க, வேற எடம் காட்டிட்டுச் சொல்லட்டும்."

நான் மறுபடி எழுந்திருக்கப் போனேன். அதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவள். அவளுடைய இரண்டாவது பிரசவத்தை நான்தான் பார்த்திருந்தேன்.

"அக்கா, எம் புள்ளய நீங்கதான் கையில வாங்குனீங்க. மறக்கல. ஆனா அத எங்க படுக்க வச்சிருக்கேன்னு ஒருநாள் வந்து பாத்தீங்களா?"

கூட்டம் அத்தோடு கலைந்தது. சிலர் சத்தம் போட்டார்கள், சிலர் பெஞ்சை உதைத்தார்கள். தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த பழைய ஒற்றை அறை வீடு. ஓதத்தில் சுவர் உப்பிப் பெயர்ந்திருந்தது. உள்ளே மாமனார் மாமியார் ஒரு பக்கம், கொழுந்தனும் அவன் மனைவியும் ஒரு பக்கம். சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் வெளியே தார்ப்பாய்ச் சாய்ப்பில் படுத்தார்கள். நான் பிறந்த வீடு அங்கிருந்து நான்கு வீடு தள்ளித்தான். ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த வாசலைக் கடந்துதான் போவேன். உள்ளே போனதில்லை.

அவள் எனக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"சபையில அப்படிக் கேட்டுட்டேன்னு கோவமாக்கா?"

"இல்ல. கேட்டது சரிதான்."

"எனக்கும் வயல மூடறது புடிக்கலக்கா. நான் நடவுக்குப் போறவ. வயலு போனா எனக்கும்தான் வேல போச்சு. ஆனா மழை பேஞ்சா புள்ளைங்கள எங்க வைக்கிறது? அவரு எடம் தர்றேங்கறாரு. நீங்க தண்ணி வேணுங்கறீங்க. நான் யாரு பக்கம் நிக்கட்டும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் அழவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, கடையில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள். இத்தனை நாள் நாங்கள் எழுதிய மனுக்களில் இவளுக்கு ஒரு வரி இல்லை என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது.

அவளுடைய மாமனார்தான் படுத்தபடியே சொன்னார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டுத் திடலை நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. முன்பு நெல் அடிக்கிற பொதுக்களம். புறம்போக்கு. வெள்ளம் ஏறாத உயரம். ஊர்ப் பெரிய குடும்பம் ஒன்று அதைச் சுற்றி வேலி போட்டுத் தென்னை வைத்து அனுபவித்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லாததால், அது கண்ணெதிரே இருந்தும் இல்லாத மாதிரி ஆகியிருந்தது.

அடுத்த மனுவில் மூன்று கோரிக்கை எழுதினோம். வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும், நஞ்சையில் இனி மனைக்கு அனுமதி கூடாது. மேட்டுத் திடலைத் தெருச் சனங்களுக்கு வீட்டு மனையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதல் மனுவில் மூன்று கையெழுத்து இருந்தது. இதில் தெருவே கையெழுத்துப் போட்டது. அந்தப் பெண் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மாமாவின் வீட்டுக்கும் போனாளாம். அவர் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். "திடல அவங்க விடமாட்டாங்க. விட்டா எனக்குச் சந்தோஷந்தான்," என்றாராம்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்துக்கு மழை புதிதல்ல. வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் கோடியக்கரை முதல் கொள்ளிடம் வரை யாரும் அதைச் செய்தியாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் முன்பெல்லாம் தெருவில் ஏறும் தண்ணீர் மழை விட்டதும் வடிந்துவிடும். இந்த முறை மழை விட்டு விட்டுப் பெய்தும் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஒரு பக்கம் உயரமான செம்மண் மேடு, நடுவே அடைத்துக்கொண்ட குழாய். தண்ணீருக்குப் போக வழி இல்லை. நான் அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் பஸ் நின்றுபோய் மாட்டிக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது தெருவில் முழங்காலளவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கினார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வயலில் நட்டு வேர் பிடித்திருந்த சம்பாப் பயிர் கண்ணுக்கே தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது.

யார் முதலில் மண்வெட்டியை எடுத்தது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கர்ப்பிணியைப் படுக்க வைத்துவிட்டு நான் வந்து பார்த்தபோது, தெருவே மூடிய வாய்க்காலின் மேல் நின்று வெட்டிக்கொண்டிருந்தது. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைக் கடப்பாரையால் நெம்பினார். அந்தப் பெண் மண்ணைக் கூடையில் வாரி வாரித் தூர எறிந்தாள். அம்மா கரையில் நின்று, எங்கே ஆழம், எங்கே வெட்ட வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் ரோடு பிளந்தது. தேங்கிய தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு கரையை அறுத்துக்கொண்டு பெரும் சத்தத்தோடு ஓடியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. களைத்துப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மனைக்காரர்களின் கார் வந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப். எஸ்.ஐ. இளைஞர். மழைக்கோட்டோடு இறங்கி, உடைந்த ரோட்டைப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது இத?"

அங்கே நின்ற எல்லோர் கையிலும் சேறு இருந்தது.

"யாருன்னு சொல்லப் போறீங்களா, மொத்தமா ஏத்தட்டுமா?"

வளைவின் பக்கமிருந்து மாமா நடந்து வந்தார். வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. அவர் வெட்டவில்லை. காலையிலிருந்து அந்த வளைவுக்குக் கீழே ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றார்.

காரில் வந்தவர் சிரித்துவிட்டார். "ஐயா, நீங்க நம்ம ஆளாச்சே."

மாமா அவரைப் பார்க்கவே இல்லை. எஸ்.ஐ.யிடம், "எம் பேர எழுதிக்குங்க தம்பி. மத்தவங்கள விட்ருங்க," என்றார்.

ஜீப்பில் ஏறும்போது மடங்காத விரல்களோடு கம்பியைப் பிடிக்க முடியாமல் ஒரு நிமிஷம் தடுமாறினார். பாய் போய்த் தாங்கி ஏற்றிவிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா ஜெயிலுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. அன்று ஏதோ பார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலமே அவரை விட்டுவிட்டார்கள். வழக்கு மட்டும் பல வருஷம் இழுத்தது. மறுநாள் அம்மா அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நன்றி சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஒனக்காக ஒண்ணுமில்ல தங்கச்சி. எங்க அக்கா வீட்டுக்குள்ள தண்ணி போயிருச்சு. அந்தக் கிழவி பெஞ்சுமேல குந்திக்கிட்டுக் கெடக்கறா. அத பாத்துட்டு எப்படி நிக்கிறது?"

"சரிண்ணே," என்றாள் அம்மா.

அவர் அதன் பிறகு மனை வேலைக்குப் போகவில்லை. ஆனால் தரகுக்குப் பதிலாகத் தனக்குக் கிடைத்திருந்த மனையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அதில் மகனுக்கு வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டார். அவளும் போய்ச் சாப்பிட்டு வந்தாள். இதை என் தம்பியிடம் சொன்னபோது, "அப்ப இவ்வளவு சண்டையும் எதுக்கு?" என்று கேட்டான். அவனுக்கு விளங்கும்படி என்னால் சொல்ல முடியவில்லை. வீடு கட்டக் கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளத்தில் தெரு மூழ்கியது டி.வி.யில் வந்ததால் அதிகாரிகள் வந்தார்கள். வாய்க்காலை மறுபடி மூடக்கூடாது என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த கிராம சபையில் மூன்று கோரிக்கையும் தீர்மானமாயின. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று பிறகு உத்தரவு வந்தபோது, மனைக்காரர் மீதி வயல்களுக்கு மண்ணடிக்காமல் போய்விட்டார். ஆனால் மண்ணடித்தது அடித்ததுதான். அந்தச் செம்மண்ணை யாரும் அள்ளிப் போகவில்லை. சில வீடுகள் எழும்பின. மற்ற மனைகளில் கருவேலம் முளைத்துக் காடாகிக் கிடக்கிறது. திரும்ப வயலாக்க முடியுமா என்று பாய் கேட்ட கேள்விக்கான பதில் அங்கே நிற்கிறது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்த நாளில் ஊரில் வெடி வெடித்தார்கள். விசாரித்துப் பார்த்தேன். அந்தச் சட்டம் எண்ணெய்க் கிணறுகளையும் பெரிய ஆலைகளையும்தான் தடுக்கிறதாம். மனைகளைப் பற்றி அதில் பேச்சில்லை.

மேட்டுத் திடல் அவ்வளவு சுலபமாக வரவில்லை. தென்னை வைத்த குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. ஒரு ஆட்சி போய் இன்னொன்று வந்து, அதுவும் போன பிறகுதான் வேலியைப் பிரித்தார்கள். பட்டா கொடுத்த அன்று அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அம்மா அதற்கு முந்தைய அறுவடையோடு போய்விட்டாள். காய்ச்சல் என்று என் வார்டுக்கே கூட்டிவந்து, என் கையிலேயே போனாள். கடைசி வரைக்கும் வயலை யாருக்கு, என்ன செய்ய வேண்டும் என்று அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு தம்பியும் நானும் வரப்பில் போய் நின்றோம். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"உனக்கு விக்க மனசு இருக்காக்கா?" என்றான்.

"உனக்கு?"

"இருந்துச்சு. அம்மா இருந்தவரைக்கும் இருந்துச்சு. இப்ப யாரோட சண்டை போட்டு விக்கறது?"

அந்தப் பெண்ணுக்கே குத்தகைக்கு விட்டோம். திடலில் வீடு, பக்கத்தில் வயல். ஆள் கிடைக்காத நாளில் அவளும் புருஷனுமே இறங்கி நட்டுவிடுகிறார்கள். சில வருஷம் விளைகிறது, சில வருஷம் வெள்ளம் கொண்டுபோகிறது. அவளுடைய பெரிய மகள் காலேஜ் போகிறாள்.

இந்தப் பொங்கலுக்கும் ஒரு தரகர் வந்தார். மாமா இப்போது இல்லை, இவர் வேறு ஊர். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், இப்போது கொடுத்தால் நல்லது என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். "இந்தப் போகம் அறுக்கட்டும், பாக்கலாம்," என்றேன். போன வருஷமும் இதையேதான் சொன்னேன். நானும் அவனும் இருக்கிறவரைக்கும் இப்படியே தள்ளிப்போட முடியும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.